வீட்டுக்குப் பொருள் வாங்கும்போது எந்தக் கொள்கையை எங்கே விட்டுக்கொடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டீர்கள். தோலில் செய்த எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் முடிந்தவரை வேண்டாம், யாருடைய வயிற்றிலும் அடித்துச் செய்த பொருள் வீட்டுக்குள் வரக் கூடாது என்று நினைக்கிறீர்கள். மரம் வெட்டலாமா என்றும் கேட்கிறீர்கள். வேலை முடிந்து வந்தால் காலை நீட்டிச் சாய ஒரு நல்ல சோஃபா வேண்டும், அதற்காகக் கடனும் வாங்கக் கூடாது என்கிறார் உங்கள் கணவர். மாமியார் தன்னுடைய பழைய மர அலமாரியைத் தருவதாகச் சொல்கிறார், அது உங்களுக்குப் பிடிக்கவில்லை. எதை எடுத்தாலும் ஏதோ ஒரு கொள்கை அடிபடுகிறது என்பதால் மாதக்கணக்கில் எதுவுமே வாங்காமல் பாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மரச்சாமான் செய்வதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். இதே தவிப்போடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கொள்கைகள் எல்லாமே நியாயமானவை. ஆனால் அத்தனையையும் ஒரே பொருளிடம் எதிர்பார்க்கிறீர்கள், அதனால்தான் கை ஓடவில்லை. விலங்கை வதைக்காத, காட்டை அழிக்காத, காற்றைக் கெடுக்காத, செய்தவருக்கு நல்ல கூலி கொடுத்த, முப்பது வருடம் உழைக்கிற, கையிருப்புக்குள் அடங்குகிற சோஃபா ஒன்று எங்கோ இருக்கலாம். அதைத் தேடிக்கொண்டே வாழ முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கொள்கை முன்னால் நிற்கட்டும், மற்றவை அதன் பின்னால் வரட்டும். எந்தப் பொருளில் எது முன்னால் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பொருளை நீங்கள் எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவுசெய்யலாம்.

சோஃபாவில் தொடங்குகிறேன், உங்கள் வீட்டில் சண்டையே அதில்தான் என்பதால். தோல் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அடுத்து கைவைப்பது செயற்கைத் தோலில். அது பாலியெஸ்டர் துணியின் மேல் பாலியூரிதேன் அல்லது பிவிசி என்ற பிளாஸ்டிக்கைப் பூசிய பொருள். பாலியூரிதேன் பூச்சு காற்றின் ஈரத்தாலும் உடம்பின் வியர்வையாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். முதலில் தலை சாயும் இடத்திலும் கை வைக்கும் இடத்திலும் வெடிக்கும், பிறகு செதில் செதிலாக உரிந்து உடுத்திய துணியில் ஒட்டிக்கொள்ளும். உரிந்ததை ஒட்டவோ தைக்கவோ வழியில்லை, முழுதாகத்தான் மாற்ற வேண்டும். விலங்கைக் காப்பாற்ற நினைத்தவர் சில வருடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் குப்பையைத் தெருவில் வைக்க நேரிடுகிறது. அசல் தோல் பல பத்து வருடம் தாங்கும், ஆனால் அது விலங்கின் தோல். உலகில் பதனிடும் தோலில் பெரும்பகுதி குரோமியம் உப்பால் பதனிடப்படுகிறது, அதன் கழிவுநீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாத இடங்களில் நிலமும் நீரும் கெடுகின்றன. உங்களுக்கு இரண்டுமே வேண்டாம். கழற்றித் துவைக்கக்கூடிய உறை போட்ட, கெட்டியான நெசவுத் துணி சோஃபாவைப் பாருங்கள். கறை பட்டால் துவைக்கலாம், கிழிந்தால் அந்த ஒரு உறையை மட்டும் புதிதாகத் தைக்கலாம்.

துணியிலும் முழுச் சுத்தம் என்று எதுவும் இல்லை. பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, பருத்தி பல இடங்களில் தண்ணீரையும் பூச்சிமருந்தையும் ஏராளமாகக் கேட்கிறது, கம்பளி ஆட்டிடமிருந்து வருகிறது. அதனால் நூல் எதில் பிறந்தது என்பதோடு நிற்காமல், எத்தனை வருடம் உழைக்கும் என்றும் கேளுங்கள். மார்ட்டின்டேல் என்றொரு தேய்மானச் சோதனை உண்டு. துணியைத் திரும்பத் திரும்பத் தேய்த்து, எத்தனை தேய்ப்புக்குப் பிறகு நூல் அறுகிறது என்று எண்ணுவார்கள். தினமும் உட்காரும் சோஃபாவுக்கு 20,000-க்கு மேல் இருப்பது நல்லது. விற்பவருக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், துணியின் மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி வந்து நகத்தால் சுரண்டி, ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.

சோஃபாவின் ஆயுள் துணிக்கு உள்ளே இருக்கிறது. கடையில் முன்பக்கக் கால் ஒன்றைப் பிடித்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குங்கள். தூக்கிய சற்று நேரத்திலேயே எதிர் முன்காலும் தரையைவிட்டு எழுந்தால் சட்டம் உறுதி. நீங்கள் தூக்கிக்கொண்டே போக, அந்தக் கால் தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அந்த சோஃபா எவ்வளவு நல்ல துணி போட்டிருந்தாலும் வேண்டாம். பிறகு ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள். உட்காரும் மெத்தைக்கு ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ அளவில் இருந்தால் குழி விழாமல் நெடுநாள் நிற்கும். 28 கிலோவுக்குக் கீழே போனால் சீக்கிரம் அமுங்கும். பலர் நினைப்பதுபோல் கெட்டியாக இருப்பதும் அடர்த்தியாக இருப்பதும் ஒன்றல்ல. கெட்டியான ஃபோமிலும் மலிவானது உண்டு, கையால் அழுத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த ஃபோமும் பிளாஸ்டிக்தான். ரப்பர் மரப்பாலில் செய்த இயற்கை லேடெக்ஸ் கிடைக்கும், எடையும் விலையும் கூடுதல். உங்கள் கணவரின் உடம்புக்கு ஓய்வு என்பது இந்தப் பொருளில் முன்னால் நிற்கிற கொள்கை என்று ஒத்துக்கொண்டால், ஃபோமுக்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை. தோல் வேண்டாம் என்பதில் உறுதியாக நின்றீர்கள், பிளாஸ்டிக்கில் இடம் கொடுத்தீர்கள். அது நேர்மையான ஏற்பாடு.

இன்னொன்று. வீட்டுக்கு வயதானவர்கள் வந்து உட்காருவார்கள் என்றால் தரையோடு ஒட்டிய அழகான சோஃபா அவர்களைத் தண்டிக்கும். உட்காரும் உயரம் 45 சென்டிமீட்டரை ஒட்டி, ஊன்றி எழுவதற்குக் கைப்பிடியோடு ஒரு நாற்காலியாவது இருக்கட்டும். பெரியவர்களை மதிக்கிறோம் என்று சொல்கிற வீட்டில் அந்த மதிப்பு தெரிகிற இடம் இதுதான். நடக்கும் வழியில் 90 சென்டிமீட்டர் விட்டுவிட்டால் ஊன்றுகோலோடு வருபவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் யாரையும் கேட்காமல் போக முடியும்.

அலமாரி, கட்டில், மேசை இவற்றுக்கு வருவோம். இவற்றில் பெரும்பாலானவை இப்போது பார்ட்டிகிள் போர்டிலோ (மரச் சில்லை ஒட்டிய பலகை) எம்.டி.எஃப்.பிலோ (மரநாரை அழுத்திய பலகை) பிளைவுட்டிலோ வருகின்றன. மரத்தூளையும் சில்லையும் ஒட்ட யூரியா ஃபார்மால்டிஹைடு பசையைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முதல் வகுப்பில் சேர்த்தது. பயப்பட வேண்டாம், ஆனால் கவனிக்க வேண்டும். பொருள் புதிதாக இருக்கும்போது வாயு அதிகமாக வரும், நாளாக ஆகக் குறையும், வெயிலும் ஈரமும் கூடினால் மறுபடி கூடும். ஐரோப்பிய முறையில் இ1 என்று குறித்த பலகை, சோதனை அறையில் 0.1 பிபிஎம் அளவைத் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.1 பங்கு) தாண்டக் கூடாது. அதற்குக் குறையாத தரத்தையே வாங்குங்கள்.

கடையில் கதவைத் திறந்து பார்ப்பதோடு எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் இழுப்பறையை வெளியே உருவி, அதன் அடிப்பக்கத்தையும் அலமாரியின் முதுகையும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முகப்பில் லேமினேட் பளபளக்கும். பின் விளிம்பிலும், வயர் போகத் துளைத்த இடத்திலும், ஸ்குரூ ஓட்டையிலும் பலகை மூடப்படாமல் தெரியும், தொட்டால் தூள் உதிரும். வாயு அதிகம் கசிவதும் ஈரம் உள்ளே புகுந்து பலகை உப்புவதும் அந்த வழியாகத்தான். எல்லா விளிம்பும் எட்ஜ் பேண்டிங் என்ற விளிம்புப் பட்டி ஒட்டி மூடியிருந்தால் செய்தவர் பொறுப்பானவர். வாங்கி வந்ததும் சில வாரம் கதவுகளைத் திறந்து போட்டு ஜன்னலையும் திறந்து வையுங்கள். குழந்தை பிறக்கப் போகிறது என்று கடைசி வாரத்தில் அறை முழுவதும் புதுப் பலகையும் புதுப் பெயின்ட்டுமாக நிரப்புகிறார்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் பல மாதம் முன்பே செய்து முடித்திருக்க வேண்டிய வேலை அது.

வாடகை வீடு என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. பார்ட்டிகிள் போர்டில் ஸ்குரூவும், பலகைகளை இணைக்கும் மினிஃபிக்ஸ் பூட்டும் முதல் முறை நன்றாகப் பிடிக்கும். கழற்றி மறுபடி பூட்டினால் ஓட்டை விரிந்து பிடி தளரும். இரண்டு முறை வீடு மாறினால் அந்த அலமாரி ஆட ஆரம்பித்துவிடும். பிளைவுட் இதைவிடத் தாங்கும். முழு மரத்தில், ஒரு கட்டையின் முனையை இன்னொன்றின் துளைக்குள் செருகிப் பூட்டிய இணைப்பு தலைமுறை தாண்டி நிற்கும், தளர்ந்தாலும் திரும்ப இறுக்கலாம். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் குறைவாக, ஆனால் முழு மரத்தில் வாங்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். மேசை வீட்டில் மேசையாக இருக்கும் வரை அது காற்றில் கலக்காமல் அடங்கியிருக்கும். மரம் வெட்டலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: வெட்டிய மரத்தை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எந்தக் காட்டு மரம் என்பதும் முக்கியம். 1993-இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி. என்ற காடு பராமரிப்பு அமைப்பின் முத்திரை, பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து மரம் வந்ததா என்று காட்டுகிறது. அதில் 100 சதவீதம் என்பது ஒன்று, மிக்ஸ் என்பது வேறு. மிக்ஸ் என்றால் அப்படிச் சான்று பெற்ற காட்டு மரத்தோடு வேறு மரமோ மறுசுழற்சிப் பொருளோ கலந்திருக்கும். ஈட்டி, ரோஸ்வுட் எல்லாம் சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது. புதிதாக ஈட்டியில் செய்தது என்று யாராவது பெருமையாகக் காட்டினால், எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஒரு முத்திரை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். காட்டைப் பற்றிய முத்திரை பசையைப் பற்றிச் சொல்லாது. பசையைப் பற்றிய குறி, தச்சருக்குக் கிடைத்த கூலியைப் பற்றிச் சொல்லாது. உழைப்புச் சுரண்டல் உங்களுக்குப் பெரிய விஷயம் என்றால் அதை முன்னால் நிறுத்த வேண்டிய இடம் தரைவிரிப்பு. கையால் முடிச்சுப் போடும் கம்பளத் தறிகளில் குழந்தைகளை உட்காரவைத்த வரலாறு நீண்டது. அதை எதிர்த்துத்தான் கைலாஷ் சத்யார்த்தி 1994-இல் ரக்மார்க் என்ற முத்திரையைத் தொடங்கினார். 2014-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த முத்திரையின் இன்றைய பெயர் குட்வீவ். கம்பளத்தின் முதுகில் எண்ணோடு ஒட்டியிருக்கும். அந்த முத்திரை இல்லாத கைமுடிச்சுக் கம்பளத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குவதைவிட வெறும் தரையே மேல் என்பது என் கட்சி. இந்த ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். சோஃபா இல்லாமல் முதுகு வலிக்கும், கம்பளம் இல்லாமல் யாருக்கும் எதுவும் ஆகாது.

பழைய பொருள் வாங்குவது எல்லாக் கொள்கைக்கும் ஒரே விடை என்று பலர் நம்புகிறார்கள். பாதி சரி. பழைய பலகை அலமாரியில் வாயு பெரும்பாலும் அடங்கியிருக்கும், புது மரம் வெட்டப்படாது, செலவும் குறைவு. ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவே வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 1978-இல்தான் தடைசெய்தது, பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்து. பழைய ஃபோம் இருக்கைகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் ரசாயனங்கள் இருக்கலாம். அவற்றில் பென்டா வகையை 2009-இல், நச்சு ரசாயனங்களுக்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. அதனால் நான் சொல்வது: மரத்தைப் பழையதாக வாங்குங்கள், உலோகத்தையும் வாங்குங்கள், மெத்தையையும் ஃபோமையும் புதிதாக வாங்குங்கள். பழைய சோஃபாவின் சட்டம் நன்றாக இருந்தால் ஃபோமையும் துணியையும் களைந்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். மூட்டைப்பூச்சித் தொல்லையும் அதோடு பெரும்பாலும் குறையும்.

கொள்கையோடு வாழ நினைத்தவர்கள் இந்த இழுபறியில் மாட்டுவது புதிதல்ல. பயனுள்ளது என்று தெரியாத, அழகானது என்றும் நம்பாத எதையும் வீட்டில் வைக்காதே என்று 1880-இல் ஓர் உரையில் சொன்னவர் இங்கிலாந்து வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ். கைத்தொழிலை மீட்கப் பாடுபட்டார், சோஷலிஸ்டாக மேடையேறினார். ஆனால் கையால் செய்ததால் அவருடைய நிறுவனத்தின் பொருள்களைப் பணக்காரர்கள்தான் வாங்க முடிந்தது. அவருடைய ஆரம்பகாலச் சுவர்த்தாள்கள் சிலவற்றின் பச்சை நிறத்தில் ஆர்செனிக் இருந்தது. அவருடைய குடும்பச் சொத்தில் பெரும்பங்கு வந்த செம்புச் சுரங்கத்திலிருந்தும் பிற்காலத்தில் ஆர்செனிக் எடுத்தார்கள். அவரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நல்ல கூலி கொடுத்தால் விலை ஏறும், விலை ஏறினால் எளியவருக்கு எட்டாது. இந்த முடிச்சு அவருக்கும் அவிழவில்லை. உங்கள் ஒரு வீட்டை வைத்து அதை அவிழ்க்க முடியவில்லை என்று நீங்கள் வருந்த வேண்டாம்.

கடன் வேண்டாம் என்பதைப் பணத்தைப் பற்றிய பேச்சாக மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தோன்றுகிறது. அதுவும் ஒரு கொள்கைதான், உங்களுடையவற்றுக்குச் சற்றும் குறையாதது. தவணை முடிவதற்குள் பொருள் கெட்டுப்போகிற வீடுகளில் நிம்மதி இருப்பதில்லை. கையில் இருப்பதை வைத்து முதலில் படுக்கையை வாங்குங்கள், ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கு அதில்தான் கழிகிறது. பிறகு சாப்பிடவும் எழுதவும் ஒரே மேசை, கண்ணுக்கு இதமான விளக்குகள், அதன் பிறகு சோஃபா. மீதி காத்திருக்கட்டும். சில மாதம் வாழ்ந்தால் மாலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, பையை எங்கே போடுகிறீர்கள், இரண்டு பேரும் எந்த மூலையில் போய் உட்காருகிறீர்கள் என்று வீடே காட்டிவிடும். திரை, அலங்காரம் பற்றியெல்லாம் இப்போது யோசிக்கவே வேண்டாம்.

இருவரும் தனித்தனியாக ஒரு தாளில், எதை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று மூன்று வரி எழுதுங்கள். பொருளின் பெயரை எழுதாமல், அந்த வீட்டில் உங்களுக்கு எது நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். ‘பெரிய சோஃபா’ என்று எழுதினால் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. ‘வேலை முடிந்து வந்தால் அரைமணி நேரம் யாரும் கேள்வி கேட்காமல் படுத்திருக்க வேண்டும்’ என்று எழுதினால் அதற்குப் பத்து வழி உண்டு. ஒருவர் எழுதிய மூன்றையும் மற்றவர் அப்படியே ஏற்க வேண்டும், வாதாடக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் இழுத்துப் பிடித்துப் பேசிக்கொள்ளலாம். தோல் வேண்டாம் என்பது உங்கள் மூன்றில் ஒன்றாக இருந்தால் அவர் அதைத் தொடக் கூடாது. கடன் வேண்டாம் என்பது அவர் மூன்றில் இருந்தால் நீங்களும் அதைத் தொடக் கூடாது. கூட வாழ்கிறவரை வாட்டி வதைத்து அமைத்த நல்ல வீட்டில் யாருக்கும் உட்காரப் பிடிப்பதில்லை. அதை என் வாடிக்கையாளர்கள் வீடுகளில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

மாமியாரின் அலமாரிக்கு வருகிறேன். நீங்கள் தேடுகிற பல விஷயங்கள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. புது மரம் இல்லை, புதுப் பசை இல்லை, கடன் இல்லை, இத்தனை வருடம் உழைத்துக் காட்டியும்விட்டது. பிடிக்கவில்லை என்பது நிறமும் வடிவமும் மட்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். கைப்பிடியை மாற்றினாலே பாதி முகம் மாறும். வெறும் வார்னிஷ் போட்டது என்றால் பெரிதாகக் கவலை இல்லை. பழைய பெயின்ட் அடித்தது என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், அந்தத் தூசிதான் ஆபத்து. பெயின்ட்டின் ஒரு சில்லை ஆய்வகத்தில் கொடுத்து ஈயம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். கதவும் சட்டமும் உரசுகிற விளிம்பைத் தடவிப் பார்த்தால், அங்கே பெயின்ட் அரைந்து மாவாக வருகிறதா என்று தெரியும். வந்தால், ஈயம் இல்லை என்று உறுதியாகும் வரை சின்னக் குழந்தைகள் தவழும் அறையில் அதை வைக்காதீர்கள்.

அந்த அலமாரி வந்தால் உங்கள் வீட்டில் உங்கள் சொல் செல்லாது என்று பயப்படுகிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். அப்போது அலமாரியைக் குறைசொல்லி மறுக்காதீர்கள், அவருக்கு அது தன்னையே மறுத்ததுபோல் இருக்கும். “அத்தை, இதை எடுத்துக்கொள்கிறோம், ஆனால் எங்கள் வசதிக்கு நிறம் மாற்றுவோம், தட்டுகளை மாற்றி அமைப்போம், உங்களுக்குச் சம்மதமா?” என்று முன்கூட்டியே கேளுங்கள். சம்மதம் என்றால் அது உங்கள் பொருளாகவே வரும். அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று அவர் விரும்பினால் அவர் வீட்டிலேயே இருக்கட்டும், அவருடைய ஒரு சின்னப் பெட்டியையோ முக்காலியையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் இந்த வாரமே உங்கள் வாசல், மாடிப்படித் திருப்பம், அலமாரியின் ஆழம் மூன்றையும் அளந்துவிட்டு அவரிடம் பேசுங்கள்.